வாசல் காவலனுக்கு மாற்று ஆள்

தங்கத்துக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? எனக்கு இருமல்கூட நின்றுவிட்டது.

நாம் போனில் விளையாடிய கோட்டைச் சண்டைக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். இங்கே என்னோடு அறையில் தங்கியிருக்கும் டிரைவர் அண்ணன் அதில் குதிரைப்படை கேட்கிறார், சமையல்காரர் யானைப்படை கேட்கிறார். எனக்கு ஒரே ஆசைதான். வாசல் காவலனை மாற்ற வழி வேண்டும். முதல் பாகத்தில் அவனை நிறுத்தினால் நிறுத்தியதுதான், ஆட்டம் முடியும்வரை நகர முடியாது.

நேற்று நான் காவல் நிற்கும் கிடங்குக்கு சூப்பர்வைசர் வந்தார். "மாத்து ஆள் கிடைக்கலப்பா. இப்போதைக்கு ஊருக்குப் போக லீவு இல்ல. பாஸ்போர்ட் என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்றார். விளையாட்டு நினைவு வந்து சிரித்துவிட்டேன். நீ கவலைப்படாதே.

பழைய போனுக்குச் சார்ஜ் போட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கு. கோட்டை விழுந்தாலும் பரவாயில்லை, வாசலில் மட்டும் யாரையும் நிறுத்தாதே.

கூப்பிடுகிறார்கள். வாசலில் ஆள் இல்லையாம்.

உன்னவன்