படியோரத் தொட்டியும் பறிபோன வேலையும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் குழம்பிக் கிடக்கிறது. நீ சொன்னபடி மாடிப்படி ஜன்னலோரம் நான்கு தொட்டிகளில் ஸ்ட்ராபெர்ரி வைத்தேன். அடியில் ஓட்டை, குருத்து மண்ணில் புதையாமல், சுற்றிலும் கொஞ்சம் வைக்கோல், தண்ணீர் சொட்டக் கவிழ்த்த பாட்டில். அதன்பின் வேலையே இல்லை என்றாய், நிஜந்தான். காய்த்தது, ஆனால் சிவந்த பழம் மறுநாள் இருப்பதில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் இருக்கிறாரே, நாம் சாவிக்கொத்து என்று பெயர் வைத்தோமே, அவரிடம் வாய் சும்மா இருக்காமல், பழம் ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுங்க என்று சொல்லிவிட்டேன். மறுநாளே, அவள்தான் திருடினாள் என்று படி கூட்டுகிறவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையடி.

போன வாரம் துணி துவைக்கும்போது அப்பாவின் கைக்குட்டையில் சிவப்புக் கறை. சர்க்கரை வியாதிக்காரர், காலை நடைக்கு இறங்கும்போதெல்லாம் பறித்துத் தின்றிருக்கிறார். அவளை நிறுத்தினபோதே சொல்வதற்கென்ன என்றால், நீ திட்டுவியேன்னுதான் என்கிறார். என் திட்டுக்குப் பயந்து இன்னொருத்தி வயிற்றில் அடித்திருக்கிறார். யாரைக் கோபித்துக்கொள்வது, அவரையா, என்னையா? சாவிக்கொத்திடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அதனால என்னம்மா, வேற ஆள் போட்டாச்சு, இதை எடுக்கலன்னா வேற எதையாவது எடுத்திருப்பா என்றார் சிரித்துக்கொண்டே. களவே போகவில்லை, ஆனாலும் அவள் கள்ளி. இது எந்த ஊர் நியாயம், எனக்குப் புரியவில்லை.

நேற்று ஒரு கிண்ணம் பழத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். தொடக்கூட இல்லை. பழம் வேணாங்க்கா, நான் எடுக்கலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போற எடமெல்லாம் ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்குறாங்க என்றாள். காலையிலிருந்து நாலு தாளைக் கிழித்தாயிற்று. நல்லவள் என்று எழுதப்போனால், அவளுக்குச் சான்று கொடுக்க நான் யார் என்று கை நிற்கிறது. கடைசியில், தப்பு என்னுடையது, அவள் எடுக்கவில்லை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா பேனாவை வாங்கி, தின்றது நான் என்று அதற்குக் கீழே எழுதினார். சாயந்தரம் இருவரும் கொண்டுபோகிறோம். இந்த ஒரு தாளால் அவளுக்கு வேலை கிடைத்துவிடுமா, தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். உன் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் முதலில் மாப்பிள்ளையைக் கேள்.

உன் அம்மா