பாப்பாவின் பாதம் சிவப்புதான்

பாப்பா அம்மாவுக்கு,

நேற்று நீ "புள்ள மஞ்சளா இருக்குங்க" என்று அழுதாய். "சும்மா இருடி, எல்லாம் பல்பு பண்ற வேலை" என்று கத்திவிட்டேனே தவிர, மஞ்சள் காமாலையோ என்று எனக்கும் பயம்தான்.

காலையில் சாயப்பட்டறைக்கு ஓடி, துணியின் நிறம் பார்க்கிற டார்ச்சை மேஸ்திரியிடம் இரவல் வாங்கி வந்தேன். அதில் நிறம் மாறித் தெரியாது. நீ அசந்து தூங்கினாய். பாப்பாவின் பாதத்தில் அடித்துப் பார்த்தேன், நல்ல சிவப்பு! ஜன்னல் இல்லாத இந்த அறையில், நம் பல்பில் என் கைகூட மஞ்சள்தான்.

ஆனாலும் பத்து மணிக்கு நர்ஸம்மா வருவார், கட்டாயம் காட்டு. டார்ச்சை அவரிடம் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் குடி.

சாயங்காலம் நல்ல பல்பாக வாங்கி வருகிறேன். விலை கேட்காதே. பாப்பா நம் முகம் பார்த்துப் பழகப்போகிற வெளிச்சம் அது.