மலை ஓட்டலில் சம்பந்தம் பேசிய கதை

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா காத்தாயி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம். அங்கே சுவீடன் குளிருக்கு நீயும் அந்தப் பிள்ளை சேரனும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் மலையிலிருந்து இறங்கியதும் நீ போன் செய்து என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கி, ரோடு வளைந்து வளைந்து போனதையே பேசி முடித்து வைத்துவிட்டார். நடந்ததைச் சொல்ல அந்த மனிதருக்கு வெட்கம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து போனில் அனுப்புகிறேன், அசல் மன்னார்குடி தபாலாபீசிலிருந்து மெதுவாக வரட்டும். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே.

உங்கள் இரண்டு பேர் யோசனை எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பது உனக்கே தெரியும். கல்யாணப் பேச்சை வீட்டில் பேசாமல் எங்கேயோ மலைப் பள்ளத்தாக்கில் ஓட்டல் பிடித்துப் பேசுவதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதும் சரிதான். தஞ்சாவூரில் சேரன் வீட்டுக்கு நாங்கள் போனால் அவர்கள் சொந்தக்காரர்கள் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நம் வீட்டுக்கு அவர்கள் வந்தால் நம் சொந்தக்காரர்கள் சாப்பிடச் சொல்லியே அவர்களைக் கொன்றுவிடுவார்கள். சேரனின் அம்மா தமயந்தி இரண்டு வருஷமாக ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தம்மா மனசாரச் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கு நீதான் பொறுப்பு என்று என் தலையில் கட்டிவிட்டாய். கிளம்புகிற அன்றைக்கு உன் பெரியப்பா இராஜாங்கம் வேறு வந்து பாடம் நடத்தினார். நாலு மா சொந்த நிலம், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு, அதோடு நிறுத்திக்கொள், கூலி நடவுக்குப் போன கதையை எல்லாம் எடுக்காதே, எந்தத் தெரு என்று கேட்டால் பஸ் நிற்கிற இடத்தின் பெயரைச் சொல் என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

ஓட்டல் எப்படி என்று கேட்டாயே, சொல்கிறேன். சுற்றிலும் மலை, நடுவில் ஓடை, கண்ணுக்குக் குறையில்லை. ஆனால் ரூம் மண் சுவர். தொட்டுப் பார்த்தேன், சாணியும் வைக்கோலும் கலந்து பூசிய அசல் மண் சுவர். மழைக்கு மழை கரைகிறது என்று மனு மேல் மனு கொடுத்து நாம் மண் வீட்டை இடித்துக் காரை வீடு கட்டினோம், இங்கே அதற்குத்தான் பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள். டிவி கிடையாது, ஏசி கிடையாது, பிளாஸ்டிக் என்ற பேச்சே கிடையாது, பல் துலக்க மூங்கில் குச்சியில் பிரஷ். துண்டைத் துவைக்கப் போடுவதற்கு முன் பூமியை நினைத்துப் பாருங்கள் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்த பிறகு உன் அப்பா அந்தத் துண்டைத் தொடவே இல்லை, தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். பழைய சோற்றில் நாலு மாதுளை முத்தைப் போட்டு ஒரு குழிக் கரண்டி அளவு கிண்ணத்தில் வைத்தார்கள். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு அளந்து போட்டவள் நான். சமையலறைக்குள் போய் அளவு தப்பு என்று சொல்ல எழுந்தேன், அப்பா முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் அளந்து அளந்து பேசினோம். சேரனின் அப்பா ரெங்கசாமி சார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி சொன்ன பிறகுதான் சிரிப்பார். அந்தம்மா கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர், பருத்திப் புடவை கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மன்னார்குடியில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பஸ் நிற்கிற இடத்தைச் சொன்னேன். ஓ என்றார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஓ எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. காரியம் கெட்டது என்றே நினைத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் உன் அப்பா படுக்கையில் இல்லை. வயல் பார்க்காமல் அவருக்குக் காப்பி இறங்காது என்பது தெரியும், ஆனால் இந்த மலையில் ஏது வயல் என்று தேடிக்கொண்டு போனேன். ஓட்டலுக்குப் பின்னால், சமையலறைக்குக் கீழே, நாலு பக்கமும் வரப்பு, ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே வர வாய்க்கால், மறுபக்கம் வெளியே போக மடை, நடுவில் ஆள் உயரத்துக்குக் கோரை. நம்மூர்க்காரன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும், நீயே சொல். களை எடுக்க ஆள் கிடைக்காமல் பாழாகப் போன வயல். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பாதிப் பாத்தியைப் பிடுங்கி வரப்பில் குவித்திருந்தார். இது போதாது என்று பக்கத்தில் ரெங்கசாமி சார். அதிகாலையில் நடக்க வந்தவரைக் கூப்பிட்டு, கோரையை மட்டும் விட்டால் குடும்பத்தையே அழித்துவிடும் என்று பயமுறுத்தி உள்ளே இறக்கியிருக்கிறார். சார் முகத்தில் சேறு, காதில் சேறு, அப்படி ஒரு சந்தோஷம். நாங்கள் பிடுங்கிய வேகத்தைப் பார்த்தீர்களா என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார்.

அப்போதுதான் ஓட்டல் மேனேஜராக இருக்கிற சின்னப் பெண் ஓடி வந்தது. குவியலைப் பார்த்ததும் அதன் கண் கலங்கிவிட்டது. அது வயல் இல்லையாம். இத்தனை ரூமிலும் குளிக்கிற தண்ணீர், சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் வருமாம். கோரையின் வேர் அழுக்கை இழுத்துக்கொண்டு சுத்தத் தண்ணீராக ஓடைக்கு விடுமாம். மருந்தில்லை, மிஷின் இல்லை, இதைக் காட்டித்தான் ஓட்டலுக்குப் பரிசே கொடுத்தார்களாம். உன் அப்பாவும் ரெங்கசாமி சாரும் எதில் நிற்கிறோம் என்பது புரிந்து ஒரே நேரத்தில் காலைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தமயந்தி அம்மா கணவரைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். கணவரைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது.

தோட்டக்காரர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், வேர் காய்ந்தால் எல்லாம் செத்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னது. செத்துப்போகவில்லை, நட்டால் பிடித்துக்கொள்ளும் என்றேன். வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பிடுங்கிய கோரையை நாற்றுக் கட்டு மாதிரி முடி கட்டித் தூக்கிப் போட உன் அப்பாவிடம் சொன்னேன். கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமயந்தி அம்மா இவ்வளவு வேகமாக நட எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். உன் பெரியப்பா முகம் கண் முன்னால் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன். "கூலிக்கு நட்டதுங்க. பள்ளிக்கூட லீவுல எங்கம்மாகூடப் போய் நட்டேன், சுடர் வயித்துல இருக்கும்போதும் நட்டேன். நாலு மா நிலமெல்லாம் பின்னாடி வாங்குனது. சொல்லாதன்னு சொல்லி அனுப்புனாங்க, எனக்கு மறைக்க வரல."

அந்தம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இறங்கினார். இறங்கினாரே தவிர நடத் தெரியவில்லை, வைத்ததெல்லாம் மிதக்கிறது. நடவு வரிசையில் கை தப்பினால் பக்கத்தில் நிற்பவள் யார் எவர் என்று பார்க்க மாட்டாள், அதட்டல் தானாக வந்துவிடும். எனக்கும் வந்துவிட்டது. "ஏய், கழுத்தப் புடிக்காத புள்ள, வேரப் புடிச்சு அழுத்து" என்றேன். ரெங்கசாமி சார் கையிலிருந்த முடியைக் கீழே போட்டுவிட்டார். கல்லூரியையே நடுங்க வைத்த அம்மாவை ஏய் என்று சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தம்மா குனிந்து, மிதந்ததை எடுத்து, வேரைப் பிடித்து அழுத்திவிட்டு இப்ப சரியா என்று கேட்டார். சரி என்றேன். வெயில் ஏறும்வரை நட்டோம். சாயங்காலம்வரை யாரும் குளிக்கக் கூடாது என்று மேனேஜர் பெண் சொல்லிவிட்டதால் ஓடையில் கை கால் கழுவிக்கொண்டு அப்படியே சாப்பிடப் போனோம். பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் கிளம்பும்போது அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க சொந்தக்காரங்க பேசத்தான் செய்வாங்க, பேசட்டும், அவங்களுக்கு முதல் பந்தியில இலை போட்டுடலாம். என் பயம் வேற. என் பையன் கோவக்காரன். அவங்கப்பா வாயில்லாப் பூச்சி, நான் சத்தம் போட்டுப் போட்டு அவன் என்னை மாதிரியே வந்துட்டான். உங்க பொண்ணு பொறுத்துப் போற பொண்ணா இருந்தா அது வாழ்க்கை கெட்டுப்போகும். அதனாலதான் ரெண்டு வருஷமா வாயைத் திறக்கல." நாம் என்னென்னவோ நினைத்து மனசைப் புண்ணாக்கிக்கொண்டோம், அந்தம்மா உனக்காகத்தான் தயங்கியிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன். "பொறுத்துப் போறவளா? நாலாவது படிக்கையில சத்துணவு முட்டை சின்னதா இருக்குன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட புகார் குடுத்தவ அவ. முட்டை வச்சது நான்." அந்தம்மா சிரித்த சிரிப்பில் காரில் ஏறிய ரெங்கசாமி சார் இறங்கி வந்துவிட்டார். அப்ப தேதி பாருங்க சம்பந்தி என்று அந்தம்மா என்னிடம் சொன்னார்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. வைகாசியில் லீவு கேட்டு வை, டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுக்காதே. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அங்கே நான் என்ன பேசினேன் என்பதை உன் பெரியப்பாவிடம் நீயாகச் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். முக்கியமாக ஒன்று. மாப்பிள்ளை கோபப்பட்டால் நீ பொறுத்துப் போகிறவள் இல்லை என்று உன் மாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மா வார்த்தையைக் காப்பாற்று.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பிடாமல் படுக்காமல், நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ம. காத்தாயி