புதன் கிளிவோன்

கூச்சிங், 9 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள சுலாஸ்திரிக்கு,

நான் நலம், உன் முழங்கால் வலி தணிந்ததா?

அலுவலகக் கடவுச்சொற்கள் அனைத்தையும் எங்கள் சொந்த சர்வரில், கன்டெய்னர் எனும் தனி மென்பொருள் அறைக்குள் பூட்டி வைத்துப் பராமரிக்கிறேன். 5ஆம் தேதி அதைப் புதுப்பித்துவிட்டு, தலைமைக் கடவுச்சொல்லாக நம் திருமண நாளை, 13.3.1984, கிழமையோடு நம் ஜாவா ஐந்து நாள் வாரத்தின் பெயரும் சேர்த்து 'செவ்வாய் வாகே' என்று இட்டேன். திறக்கவில்லை. மறந்தால் மீட்டுத்தர எவராலும் இயலாது.

"என்ன பாக், கல்யாண நாளே மறந்துபோச்சா? அக்காகிட்ட போட்டுக் குடுக்கவா?" என்று சீண்டினாள், என்னை 'பாக்' (ஐயா) என்றே அழைக்கும் உடன் பணிபுரியும் ஃபரீதா.

அப்போதுதான் நம் நாற்பத்தோராண்டு வழக்கு நினைவுக்கு வந்தது. பொழுது சாய்ந்தபின் நடந்த திருமணம் ஜாவா முறைப்படி மறுநாள் கணக்கு என்பாயே! வாகேக்கு அடுத்த நாள் கிளிவோன்; 'புதன் கிளிவோன்' என்று இட்டதும் திறந்தது. கடவுச்சொல்லை முதலில் அமைத்த அன்றே, என்னையறியாமல் உன் கட்சிக்கு மாறியிருக்கிறேன்.

இங்கே எழுதிவிடுவேன் என்பதால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். நம் ஊர் நாள்காட்டி ஒன்று அனுப்பு. இங்குள்ளவற்றில் கிளிவோன் இல்லை. அஞ்சலகம் மூடும் நேரம்.

உன்,
விரியோனோ