மண்டபத்தில் பதிந்த டிரம்ஸ்

1966 ஜூன் 12, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்கூட மண்டபத்துச் சாவியை வாங்கி வந்தேன். மதராஸ் இசைக்குழுவுக்கு அனுப்ப, மகள் ஸ்டெல்லாவின் டிரம்ஸ் வாசிப்பைப் பதிய அந்த இடத்தைத் தேர்ந்தவள் நான்தான். உயரமான கூரை, நன்றாக முழங்கும் என்று நம்பினேன். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் ஓர் அடியின் எதிரொலி அடுத்த அடியை விழுங்கியிருந்தது.

“இதுவாம்மா நான் வாசிச்சது? மலையில பாறை உருண்ட மாதிரில்ல இருக்கு” என்றாள்.

டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தவர், “புகையிலைக் கிட்டங்கி எதுவும் கிடைக்குமா டீச்சர்? சுத்தி மூட்டை இருந்தா எதிரொலிக்காது. நாளைக்கு மத்தியானம் நான் மதுரைக்குக் கிளம்பிருவேன்” என்றார்.

என் அண்ணனிடம் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி இருக்கிறது. “பொட்டப்புள்ளைக்குக் கொட்டு ஒரு கேடா” என்று அவர் கேட்ட நாளிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. தரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் விடிந்ததும் போய்க் கேட்பேன். காலில் விழச் சொன்னால் விழுவேன். ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேண்டாம்.