முப்பத்தேழாம் படத்தின் காலர்

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்தாறாம் எண்ணை முடித்தேன். மனிதர் பெரிய நிலக்காரர். மோதிரம் மட்டும் நான்கு. அந்த நான்கையும் துடைக்கவே ஒன்றரை நாள் போயிற்று.

பேரவை மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று, சாசனத்தில் கையெழுத்துப் போட்ட முப்பத்தேழு பேரின் ஓவியங்களையும் கழற்றி எங்கள் பராமரிப்பு அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சுத்தம் செய்ய எனக்குப் பன்னிரண்டு. இங்கே யாரையும் பெயர் சொல்வதில்லை, எண்தான். நாட்டை உண்டாக்கியவர்கள் என்று பள்ளியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முப்பத்தேழு கோட்டுகள். எல்லோரும் ஒரே கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி. கோட்டு இல்லாதவன் எவனும் அன்றைக்கு இந்த நாட்டில் இல்லையா?

படச்சட்டம் அடிக்கும் தச்சரிடம் கேட்டேன்.

“நீ தற்காலிகம்மா. ஆறு மாசம் வாயைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாரு. நிரந்தரமானப்புறம் நாட்டைத் திருத்து” என்றார்.

மார்ச் 5, புதன்

நாளை முப்பத்தேழு. கடைசிக் கையெழுத்து. துறைமுகச் சுமைதூக்குவோர் சங்கத்தின் பிரதிநிதி. மூட்டை தூக்கியவருக்குமா கோட்டு?

மார்ச் 6, வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

படத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். அதன் மேல் பிறகு யாராவது பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். முகம் பச்சை. கைகள் பச்சை. கோட்டு முழுக்கக் கறுப்பு!

பிரிவுத் தலைவி மேடத்தைக் கூப்பிட்டேன். ஓரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் துடைத்துப் பார்க்கச் சொன்னார். பஞ்சில் கருநீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வெளிறிய நீலத்தில் ஒரு சட்டை. அதில் ஒரு பொத்தான்.

“கோட்டை யாரோ மாட்டிவிட்டிருக்காங்க” என்றார் மேடம், மெதுவாக.

மார்ச் 10, திங்கள்

பழைய பதிவேட்டில் கிடைத்துவிட்டது. கையெழுத்து நடந்து பதினோராம் வருடம், வெளிநாட்டு விருந்தினர் வருகைக்கு முன்: “எண் 37. உடை சீரமைக்கப்பட்டது.” அவ்வளவுதான். நான்கு வார்த்தையில் ஒரு ஆளை மாற்றிவிட்டார்கள். யார் சொன்னது, ஏன், ஒன்றும் இல்லை. அப்போது அவர் உயிரோடு இருந்தாரா? மண்டபத்துக்கு வந்து தன் படத்தைப் பார்த்திருப்பாரா? பார்த்துவிட்டு என்ன செய்திருப்பார் — வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லியிருப்பார்?

மார்ச் 11, செவ்வாய்

கோட்டு முழுவதையும் எடுக்க மேடம் எழுத்தில் அனுமதி கொடுத்தார். நடுவில் பழைய வார்னிஷ் இருப்பதால் அடியில் உள்ளதற்கு ஆபத்தில்லை என்று குறிப்பு. இப்படி ஒரு வேலை என் கைக்கு வரும் என்று நினைத்ததே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கோட்டு போய்விட்டது. கைமடிப்பு இரண்டு சுற்று. மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு. ஓவியர் ஒன்றையும் மறைக்கவில்லை. முப்பத்தேழு பேரில் இவர் ஒருவர்தான் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் எல்லாம் வரலாற்றைப் பார்த்து.

மதியம் மண்டபச் செயலாளர் இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? அத்தனை பெரியவங்களுக்கு நடுவுல, பனியன் கம்பெனி விளம்பரம் மாதிரி?”

“இதுதான் சார் அசல்.”

“அசல் கிசல் எல்லாம் இருக்கட்டும். நாட்டுக்கே கையெழுத்துப் போட வந்தவர். மரியாதையா இருக்க வேண்டாமா? மண்டபம் திறக்கிறதுக்குள்ள பழையபடி கோட்டைப் போட்டுடுங்க.”

“யாருக்கு சார் மரியாதை? உங்களுக்கா, அவருக்கா?”

மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நன்றாகவே வலித்தது. 27-ஆம் தேதி மண்டபக் குழு கூடி முடிவெடுக்கும். அதுவரை யாரும் தொடக்கூடாதாம், மிச்ச அழுக்கை மட்டும் துடைக்கலாமாம்.

ஏழை என்றால் இவர்களுக்குக் கண் கூசுகிறது. அவ்வளவுதான் விஷயம். நன்றாகக் கூசட்டும். அந்தக் கந்தல் சட்டையை அவர்கள் முகத்துக்கு நேராகத் தொங்கவிடுவேன்.

மார்ச் 20, வியாழன்

காலர் மட்டும் இன்னும் கருநீலம். சட்டை வெளிறிக் கிடக்க, காலர் ஏன் கறுத்திருக்க வேண்டும்? கோட்டின் சாயம் அங்கே பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது என்று காலையில் அதில் உட்கார்ந்தேன். ஒரு அரிசி அளவு வண்ணம் வந்தது. மாலை ஆகிவிட்டதால் நிறுத்தினேன்.

போகும் வழியில் அண்ணனின் ஆல்ட்ரேஷன் கடை. கைபேசியில் படத்தைக் காட்டினேன், பீற்றிக்கொள்ளத்தான். அவன் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“காலர் திருப்பியிருக்காங்கடி.”

“என்ன திருப்பி?”

“சட்டைக்குக் காலர் ஓரம்தான் முதல்ல நைஞ்சு போகும். அதைப் பிரிச்சு, அடிப்பக்கத்தை மேல வச்சுத் தைப்போம். அடிப்பக்கம் வெயிலே பார்த்திருக்காதா, கலர் அப்படியே இருக்கும். வாரத்துக்கு ரெண்டு சட்டை வருது இதுக்கு. பெரிய படிப்பு படிச்சவ, இது கூடத் தெரியலை.”

சாயம் இல்லை. ஓவியர் வரைந்த காலர் அது.

சமாளிக்கப் பார்த்தேன். “அப்ப எவ்வளவு ஏழைன்னு அதுவே காட்டுதுல்ல?”

“போடி லூசு. ஏழைன்னு காட்டணும்னா நைஞ்சதோடயே வந்திருப்பான் மனுஷன். முக்கியமான இடத்துக்குப் போறோம்னு முந்தின நாள் யாரோ உட்கார்ந்து பிரிச்சுத் தைச்சிருக்காங்க. உன் கண்ணுக்குக் கந்தல். அவருக்கு அன்னிக்கு அதான் பட்டு.”

கைபேசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். செயலாளர் அந்தச் சட்டையைப் பார்த்துப் பனியன் விளம்பரம் என்றார். நான் அதே சட்டையைப் பார்த்துக் கந்தல் என்றேன். இரண்டு பேரில் யார் அவரைப் பார்த்தோம்?

மார்ச் 21, வெள்ளி

நுண்ணோக்கியில் பார்த்தேன். காலருக்கு மேலேதான் பழைய வார்னிஷ். அடியில் இல்லை. அசல் வண்ணம். நான் எடுத்த அரிசி அளவும் அசல். செயலாளர் மேலிருந்த கோபத்தில், கை வைக்கும் முன் விளக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. முதல் வாரத்துப் பயிலுநர் கூட இந்தத் தவறைச் செய்யமாட்டார்.

மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதிக் கொடு.”

“எழுதினா குழு அதையே பிடிச்சுக்கும் மேடம்.”

“பிடிச்சுக்கும். நாலே நாலு வார்த்தையில பதிவு எழுதினவங்களைத்தானே இத்தனை நாளா திட்டிட்டிருந்தே?”

ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

மார்ச் 26, புதன்

நாளை என்ன பேச வேண்டும் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாம் மேடைப் பேச்சு மாதிரி வருகிறது. அண்ணன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டால் என்ன?

மார்ச் 27, வியாழன்

ஐந்து பேர். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா தலைமை. செயலாளர் நன்றாகப் பேசினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கோட்டு போட்டது அவமதிப்பு இல்லை, அவரை மற்றவர்களுக்குச் சமமாக உட்கார வைத்தது என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு என் ஒன்றரைப் பக்கத்தை எடுத்து வாசித்தார். “அசல் அசல்னு குதிக்கிறவங்களே அசலைச் சுரண்டியிருக்காங்க.”

எழுந்தேன். “ஆமா. அந்த இடத்தைக் கெடுத்தது நான்தான். அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுங்க. ஆனா அது எதுன்னு கேளுங்க” என்று காலரைப் பற்றிச் சொன்னேன். திருப்பித் தைப்பது, வெயில் படாத பக்கம், எல்லாம். திட்டவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு அமைதியாக நான் பேசியதே இல்லை.

நீதிபதி அம்மா படத்துக்கு அருகே போய் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு செயலாளரிடம், “மரியாதையா வந்திருக்கணும்னு சொன்னீங்க. வந்திருக்காரே? நாம மேல ஒரு கோட்டை வேற எதுக்கு மாட்டணும்?” என்றார்.

மூன்றுக்கு இரண்டு. சட்டை நிற்கிறது.

தீர்மானத்தில் இரண்டாவது வரி: கவனக்குறைவு காரணமாக எனக்கு மே மாதத்துக்குப் பின் பணி நீட்டிப்பு இல்லை. மேடம் வாதாடினார். நான் வேண்டாம் என்றேன். அது சரியான தண்டனைதான். அழவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் கொஞ்சம்.

தச்சர் முப்பத்தேழின் சட்டத்துக்கு இன்னொரு கை பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். “நாட்டைத் திருத்திட்டே போல?” என்றார்.

“ஒரு காலரைத்தான்” என்றேன்.

ஜூன் 2, திங்கள்

மண்டபம் இன்று பொதுமக்களுக்குத் திறப்பு. அண்ணனோடு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு விண்ணப்பத்திலும் அந்தத் தவறை நானே எழுதியிருக்கிறேன்.

முப்பத்தாறு கோட்டைத் தாண்டிக் கடைசியில் அந்த நீலம். கூட்டம் அங்கேதான் தேங்கி நின்றது. நடுவில் செயலாளர், கையில் ஒரு குச்சியோடு.

“இங்க பாருங்க, சட்டை வெளிறியிருக்கு, காலர் மட்டும் அடர்த்தியா இருக்குதா? இது திருப்பித் தைச்ச காலர். வீட்ல அவருக்காக ஒருத்தர் உட்கார்ந்து தைச்சது. இந்த நாட்டுக்குக் கையெழுத்துப் போட வந்தவர், தன்கிட்ட இருந்ததுலயே நல்லதை உடுத்திட்டு வந்திருக்கார்.” சொல்லிவிட்டுக் குச்சியைத் தாழ்த்திக்கொண்டார். நடிப்பு இல்லை.

அண்ணன் என் காதில், “என் வசனத்தை அப்படியே பேசுறான்டி. போய்க் கேட்கவா?” என்றான்.

“பேசட்டும்” என்றேன்.

“நீயா இது?”

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்க்க முடியாமல் தவித்தார். கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.