ஏழு அறை மாத்திரை டப்பா

மார்ச் 4
இன்று ஆஸ்பத்திரிப் போர்வை இருநூற்றுப் பத்து. இஸ்திரி போட்டுப் போட்டு வலது தோள் என்னுடையதாகவே இல்லை. வந்ததும் இவருடைய இந்த நோட்டைப் பிரித்தேன். முதல் பத்துப் பக்கம் இவர் கையெழுத்து — காலை பிரஷர் இவ்வளவு, மாலை இவ்வளவு. அப்புறம் வெறும் தாள். அதைப் பார்க்க முடியவில்லை, எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு. தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 7
கொழுந்தனும் ஓரகத்தியும் வந்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் கைக்குட்டையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். என் கண் முன்னாலா துடைக்க வேண்டும்? வயிறு எரிந்தது.

அன்று அண்ணனும் தம்பியும் ரோலர் கோஸ்டரில் ஒரே பெட்டியில்தான் போனார்கள். நின்றதும் தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினான். இவர் இறங்கவில்லை. மடிமேல் இருந்த கம்பி தானாகத் தூக்கிக்கொண்ட பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். இவர் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

ஒரே தாய் வயிறு. ஒரே பெட்டி. எனக்கு மட்டும் ஏன்?

மார்ச் 8
கொழுந்தன் குறட்டை விடுகிறானாம், தூக்கம் கெடுகிறதாம். அதை என்னிடம் வந்து சொல்கிறாள்.

மார்ச் 15
பீரோவில் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. பட்டது என்ன, தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

இவர் உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டரம்மா கொடுத்தது. வெறும் பிரஷர் இல்லையாம். இதயச் சுவர் தடித்திருந்ததாம், ரத்த வழியில் வருவதாம். கூடப் பிறந்தவர்கள் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், இப்படிப்பட்ட ராட்டினங்களில் ஏறவே கூடாது என்றார். “அவர் தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா.” தலையாட்டினேன். சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று என்னையே நம்ப வைத்தேன். இல்லை. அவள் பயந்துவிடுவாளே என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. இவளுக்கும் ஒருநாள் தெரியட்டும் — எழுதியதை அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். அதுதான் உண்மை.

மார்ச் 21
கொழுந்தன் கம்பெனியில் அடுத்த வாரம் ஞாயிறு எல்லாரையும் குடும்பத்தோடு ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கேயும் ரோலர் கோஸ்டர், இன்னும் உயரமாம்.

“ஏறத்தான் போறேன் அண்ணி. ஏறினாத்தான் பயம் தெளியும். அன்னிக்கு அண்ணன் பக்கத்துலயே இருந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

ஓரகத்தி சிரித்தாள். “இவருக்கு நெஞ்சு கல்லு, அக்கா.”

கல்லாம். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். காகிதம் பீரோவிலேயே கிடந்தது.

மார்ச் 24
எழுதிவிடுகிறேன். அன்று ஏறுகிற இடத்தில் ஒரு பெண் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் உள்ளே விட்டாள், நெஞ்சு வியாதி உண்டா, பிரஷர் உண்டா என்று. போர்டில் இதயம் வரைந்து சிவப்புக் கோடு போட்டிருந்தது. எழுத்தே தெரியாதவளுக்கும் புரியும். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். மத்தியான மாத்திரை என் பையில் இருந்தது.

கொழுந்தன் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஓரகத்தி கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மேலே போக, என் புருஷன் கீழே பை பிடித்துக்கொண்டு நிற்பதா?

“போங்க, தம்பியே போறாரு” என்றேன். அந்தப் பெண்ணிடம் “அவருக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றதும் நான்தான்.

அன்றைக்கும் இதே வயிற்றெரிச்சல்தான். ஒருத்தரைத் தின்றாயிற்று. இன்னும் யார் வேண்டும் எனக்கு?

மார்ச் 27
லீவு சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துப்போனேன். கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தான். ஓரகத்தி படித்தவள், நின்றபடியே படித்தாள். தேதிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“அஞ்சு மாசமா கையில வச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“ஏன்க்கா?”

“நீ புருஷனோட வந்து நிக்கிறது எனக்குப் பொறுக்கல.”

அவள் குனிந்து செருப்பை எடுத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று அசையாமல் நின்றேன். அவள் அதை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல், அவன் வேலை செய்யும் இடத்துக்கு ஓடினாள். கதவை நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 29
ஞாயிறு. ஏறினானா? போன் போட்டேன், ஓரகத்தி எடுக்கவில்லை.

ஏப்ரல் 6
ஓரகத்தி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவனுக்கும் அதே தடிப்புதானாம். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் மகளுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கீழேதான் நின்றானாம், பதினோரு பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. கம்பெனியில் ‘பை மாமா’ என்று பேர் வைத்துவிட்டார்கள் என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “மாமாவுக்கு எப்படி வேளை தவறாம குடுத்தீங்க?”

உள்ளே போய் இவருடைய மாத்திரை டப்பாவை எடுத்தேன். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை. இவர் போனது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அறையில் அந்த மாத்திரை இன்னும் கிடந்தது, நான் எடுக்கவே இல்லை. எடுத்தேன். டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வரேன் என்று சொல்லவில்லை.

இனி வாராவாரம் அதை அவள் நிரப்புவாள். அதற்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். நிரப்பட்டும்.